பார்சிலோனாவில் எந்தப் பேட்டையில் தங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது வருடமாகப் பார்சிலோனாவில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யாராவது கிளம்புகிறார்கள் என்றால் விமான டிக்கெட் போட்ட கையோடு எனக்கு ஒரு வாட்ஸ்அப் வரும். சொந்தக்காரர்கள், கல்லூரித் தோழிகள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆள்தான் மாறும். கேள்விகள் அநேகமாக அவையேதான். அவற்றை அவரவர் கேட்டபடியே இங்கே எழுதி, நான் சொன்ன பதிலையும் சேர்த்திருக்கிறேன். விலை மாறிக்கொண்டே இருப்பதால் எங்கேயும் போடவில்லை.

அக்கா, ஒரே வார்த்தைல சொல்லுங்க. எந்த ஏரியா?

எஷாம்ப்ளா. எதுவும் யோசிக்க நேரமில்லை, முதல் தடவை வருகிறீர்கள் என்றால் அங்கே எடுத்துவிடுங்கள்; பெரிய தவறு நடக்காது. வரைபடத்தில் இந்தப் பெயர் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி நடுவில் ஒரு 'எக்ஸ்' போட்டு இருக்கும். இங்குள்ள உள்ளூர் மொழியான கத்தலானில் அதை 'ஷ' என்றுதான் வாசிப்பார்கள்.

ஆனால் ஒரே வார்த்தை எல்லோருக்கும் பொருந்தாது. ஊரின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடல், எதிர்ப்பக்கம் மலை, நடுவில் சரிந்து இறங்கும் நகரம். மொத்தமே சுமார் 100 சதுர கிலோமீட்டர்தான். அதில் பதினாறு லட்சத்துக்கும் அதிகமானோர் நெருக்கியடித்து வாழ்கிறோம். மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினால், நீங்கள் பார்க்க நினைக்கும் இடங்களில் பெரும்பாலானவை அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதனால் "எது எதற்குப் பக்கம்" என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தத் தெரு எப்படி இருக்கும், காலையில் எத்தனை படி இறங்க வேண்டும், சாப்பாட்டுக்கு என்ன வழி, இந்த மூன்றையும் பாருங்கள். பேட்டைக்குப் பேட்டை உண்மையில் மாறுவது அவைதான்.

சென்டர்ல எடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. சென்டர்னா எது?

பிளாசா கத்தலூன்யா என்ற பெரிய சதுக்கம். அதற்குக் கீழே, கடலை நோக்கி, பழைய ஊர். மேலே, மலையை நோக்கி, எஷாம்ப்ளா. விமான நிலையப் பேருந்து கடைசியாக வந்து நிற்பதும் அந்தச் சதுக்கத்தில்தான். அங்கிருந்து கொலம்பஸ் சிலை வரைக்கும் 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு இறங்கும் அகலமான நடைவீதிதான் ராம்ப்லா.

தங்கும் இடம் விற்பவர்கள் "சென்டர்" என்ற சொல்லைத் தாராளமாக நீட்டுவார்கள். நீங்கள் பிளாசா கத்தலூன்யாவிலிருந்து எத்தனை நிமிட நடை என்று பாருங்கள். இருபது நிமிடத்துக்குள் என்றால் சென்டர்தான். ராம்ப்லாவின் மேலேயே அறை எடுக்காதீர்கள். விலை அதிகம், இரைச்சல் அதிகம், ஜேப்படிக்காரர்களும் அதிகம். பகலில் ஒரு தடவை நடந்து பார்த்தால் போதும்.

எஷாம்ப்ளான்னு மேப்ல போட்டா பாதி ஊரே வருது. அதுக்குள்ள எங்க?

நியாயமான கேள்வி. 1854-இல் பழைய மதில் சுவரை இடிக்கத் தொடங்கிய பிறகு, வெளியே இருந்த வெட்டவெளியில் ஊரை விரிக்க இல்தெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் போட்ட திட்டம் இது. 1859-இல் ஒப்புதல் கிடைத்தது. ஒவ்வொரு கட்டமும் 113 மீட்டர் சதுரம், சாதாரணத் தெருவே 20 மீட்டர் அகலம், நாலு மூலையும் சீவி விட்டதுபோல் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அந்தச் சாய்ந்த மூலைக்கு 'ஷம்ஃப்ரா' என்று பெயர். டாக்ஸி நிற்க, பெட்டியை இறக்க, வெயில் உள்ளே வர, எல்லாவற்றுக்கும் அந்த மூலை உதவுகிறது. வயதானவர்களோடு வரும்போது இந்த அகலத்தின் அருமை தெரியும்.

உள்ளே நான் இப்படிப் பிரித்துச் சொல்வேன். பசேச் தெ கிராசியா என்ற பெரிய வீதியின் இரு பக்கமும் விலை உயர்ந்த பகுதி. கட்டடக் கலைஞர் கௌடி கட்டிய காசா பாட்லியோ, காசா மிலா இரண்டும் அந்த வீதியில்தான். மலையைப் பார்த்து நின்றால் அதற்கு வலப்பக்கம் அமைதியான, வசதியான குடியிருப்புகள். இடப்பக்கம் கொஞ்சம் மலிவு, சாப்பாட்டுக் கடைகள் அதிகம். கீழ் மூலையில் சான்ட் அந்தோனி. நான் இருக்கும் இடம் என்பதற்காகச் சொல்லவில்லை, என் அப்பா அம்மாவுக்கு அறை எடுத்துக் கொடுத்ததும் இங்கேதான். 1882-இல் திறந்த இரும்புச் சந்தை ஒன்று இருக்கிறது. பல வருடம் பழுது பார்த்து 2018-இல் மறுபடி திறந்தார்கள். அதைச் சுற்றி வண்டி ஓட்டத்தைக் குறைத்து, தெரு நடுவிலேயே பெஞ்சு போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால் ஸ்கூட்டர் சத்தம் இல்லாமல் பக்கத்து பெஞ்சுப் பாட்டிகள் பேசுவது கேட்கும். எல்2 மெட்ரோவில் ஏறினால் மாறாமல் கௌடியின் புகழ்பெற்ற தேவாலயமான சக்ராதா ஃபமீலியா.

போட்டோல பழைய ஊர் எவ்ளோ அழகா இருக்கு! அங்கயே தங்கினா என்ன?

தங்கலாம், யார் என்பதைப் பொறுத்து. கோதிக் பகுதி என்கிற இடம் குறுகலான கல் சந்துகளால் ஆனது. பல சந்துகளுக்குள் டாக்ஸி வராது. தெருமுனையில் இறக்கிவிட்டால் கடைசி இருநூறு மூந்நூறு மீட்டர் கல் தரையில் பெட்டியை இழுக்க வேண்டும். பிளாசா ரெயால் சுற்றுவட்டாரத்தில் மது விடுதிகள் மூடி, கூட்டம் கலையும்போது விடியற்காலை மூன்றாகிவிடும். கல் சுவர்களுக்கு நடுவே ஒருவர் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

பழைய ஊர்தான் வேண்டும் என்று மனசு கேட்டால், எல் போர்ன் பக்கம் போங்கள். அதுவும் பழையதுதான், 1329-இல் கட்டத் தொடங்கிய சாண்டா மரியா தெல் மார் தேவாலயம், பிகாஸோ அருங்காட்சியகம், கொஞ்சம் தள்ளி சியுதாதெல்யா பூங்கா. பூங்காவை ஒட்டிய தெருக்களில் மூச்சு விட இடம் இருக்கும். இரண்டு பேர், கையில் சின்னப் பெட்டி, முழங்கால் நல்ல நிலை என்றால் போர்ன் அருமையான தேர்வு. காலை ஏழு மணிக்கு, கடைகள் திறக்கும் முன், அந்தத் தேவாலய வாசலில் தண்ணீர் அடித்துக் கழுவிய கல் மேல் நடப்பது அங்கே தங்குபவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பாக்கியம்.

ராவல்ல ரேட் கம்மியா இருக்கு. டேஞ்சர்னும் சொல்றாங்க. எது உண்மை?

ராவல் ராம்ப்லாவுக்கு மறுபக்கம் இருக்கும் பழைய உழைக்கும் மக்கள் பகுதி. இன்று பாகிஸ்தான், வங்கதேசம், பிலிப்பைன்ஸ், மொராக்கோ எனப் பல நாட்டு மக்களின் வீடு. நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது மளிகைக்கு அங்கே போகிறேன். அந்த மக்களைப் பற்றி "டேஞ்சர்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அதே நேரம், தங்குவதற்குத் தெருவைப் பார்த்து எடுக்க வேண்டும். நவீன கலை அருங்காட்சியகம் இருக்கும் மேல் பகுதி, பல்கலைக்கழகத்துக்குப் பக்கம், பரவாயில்லை. ஹோஸ்பிதால் தெருவுக்குக் கீழே, துறைமுகத்தை நோக்கிப் போகப் போக, சில சந்துகளில் போதைப்பொருள் வியாபாரம் நடக்கிறது. அங்கே குடியிருப்பவர்களே அதை எதிர்த்துப் பால்கனியில் துணிப் பதாகை தொங்கவிட்டிருப்பார்கள். ராத்திரி தனியாகத் திரும்ப வேண்டிய பெண்களுக்கு நான் கீழ் ராவலைச் சொல்வதில்லை. குழந்தைகளோடு வருபவர்களுக்கும் சொல்வதில்லை.

அப்ப திருட்டு பயம் இல்லாத ஏரியா எது?

பார்சிலோனாவில் பயம் உயிருக்கு இல்லை, பணப்பைக்குத்தான். ஜேப்படிக்காரர்கள் பயணிகள் இருக்கும் இடத்துக்கு வருவார்கள். நீங்கள் எங்கே தங்கினாலும் எல்3 மெட்ரோவின் நெரிசல், சக்ராதா ஃபமீலியா வாசல், கடற்கரை மணல், சான்ட்ஸ் ரயில் நிலையம் இவற்றைத் தாண்டித்தான் போவீர்கள். செல்போனைச் சாப்பாட்டு மேசை மேல் வைக்காதீர்கள், பாஸ்போர்ட்டை அறையிலேயே வைத்துவிட்டு நகலை எடுத்து வாருங்கள். ஏதாவது நடந்தால் 112.

பசங்க பீச் பக்கத்துலதான் தங்கணும்னு அடம் பிடிக்கிறாங்க. பார்சலோனெட்டா எடுக்கலாமா?

பார்சலோனெட்டா 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் மீனவர்களுக்காகவும் துறைமுகத் தொழிலாளர்களுக்காகவும் அளவெடுத்துக் கட்டிய குடியிருப்பு. பிறகு ஒவ்வொரு தளத்தையும் நாலாகப் பிரித்தார்கள். அதற்குப் பெயரே "கால் வீடு". சுமார் 30 சதுர மீட்டர்தான் இருக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு அது எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. கோடையில் ராத்திரி முழுக்கத் தெருவில் ஆட்டம் பாட்டம். காலையில் தூங்கலாம் என்றால், ஆரஞ்சு நிற எரிவாயு சிலிண்டரை இரும்பால் தட்டி "புத்தானோ!" என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். எனக்கு நம் ஊர்த் தெருவில் பழைய பேப்பர்க்காரர் குரல் கேட்டதுபோல் இருக்கும். விடுமுறைக்கு வந்தவர்களுக்கு அப்படி இருக்காது.

கடல் வேண்டும் என்றால் போப்ளநோவ் பாருங்கள். முன்பு நெசவாலைகளும் புகைபோக்கிகளுமாக "கத்தலோனியாவின் மான்செஸ்டர்" என்று பெயர் எடுத்த இடம். 1992 ஒலிம்பிக்குக்காக ஊரின் கடலோரத்தையே மாற்றி அமைத்தபோது இந்தப் பக்கம் நல்ல மணல் கடற்கரைகள் வந்தன. இப்போது பாதி அலுவலகம், பாதி குடியிருப்பு. அதற்கென்று ஒரு ராம்ப்லா உண்டு. மரநிழல், ஐஸ்கிரீம் கடை, குழந்தைகள் பந்து விளையாடும் சத்தம். எல்4 மெட்ரோவில் இருபது நிமிடத்துக்குள் சென்டர். குழந்தைகளோடு கோடையில் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டூரிஸ்ட் மாதிரி இல்லாம, ஊர்க்காரங்க மாதிரி நாலு நாள் இருக்கணும். எங்க?

கிராசியா. 1897 வரை அது தனி ஊர். பிறகுதான் பார்சிலோனாவோடு சேர்த்தார்கள். அங்கே இருப்பவர்கள் இன்றும் சென்டருக்குக் கிளம்பும்போது "பார்சிலோனாவுக்கு இறங்குகிறேன்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சின்னத் தெருக்கள், நடுநடுவே சதுக்கங்கள், தேவாலயப் படியில் உட்கார்ந்து பேசும் கூட்டம். விரெய்னா சதுக்கம் எனக்குப் பிடித்த இடம். பிளாசா தெல் சோல் பக்கம் மட்டும் அறை எடுக்காதீர்கள். ராத்திரிச் சத்தத்தைப் பற்றி அங்கே குடியிருப்பவர்கள் பல வருடமாகப் புகார் சொல்லி வருகிறார்கள். ஃபொந்தானா, ஜுவானிக் என்ற இரண்டு மெட்ரோ நிலையங்களில் ஒன்றுக்கு ஐந்து நிமிட நடையில் இருந்தால் நல்லது.

இன்னொன்று போப்ளசெக். மொன்ஜுயிக் மலை அடிவாரம், சான்ட் அந்தோனிக்கு எதிர்ப்பக்கம். பிளாய் தெருவில் ரொட்டித் துண்டின் மேல் ஏதாவது வைத்துக் குச்சி குத்திய 'பின்சோ' கடைகள் வரிசையாக இருக்கும். விலையும் எஷாம்ப்ளாவை விடப் பல நாள் குறைவு. மலையை ஒட்டிய தெருக்கள் செங்குத்தாக ஏறும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஏம்மா, ஜன்னலைத் திறந்தா சக்ராதா ஃபமீலியா தெரியற மாதிரி ரூம் கிடைக்குமா?

கிடைக்கும் ஐயா, அதற்கு விலை கொடுக்க வேண்டும். 1882-இல் தொடங்கிய கட்டுமானம் அது. நடுக் கோபுரத்தின் உயரம் 172.5 மீட்டர். ஊரில் எந்த மேட்டில் நின்றாலும் தெரியும். அதற்கு எதிரிலேயே தங்கினால் பகல் முழுக்கச் சுற்றுலாப் பேருந்துகளும் கூட்டமும் வாசலில் இருக்கும். இரண்டு கட்டம் தள்ளி, கௌடி அவென்யூவில் சான்ட் பாவ் மருத்துவமனை நோக்கிப் போகும் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். நடைவீதி, நிழல், காலைக் காப்பிக்குப் போகும்போது கோபுரம் கண்ணெதிரே. எல்2, எல்5 இரண்டும் பக்கம்.

அம்மாவுக்கு முட்டி வலி. படியேற முடியாது. "மூணாவது மாடி"ன்னு போட்டிருக்கான், சமாளிக்கலாமா?

இந்தக் கேள்விக்கு நான் அழுத்தமாகப் பதில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மாமனார் மாமியார் முதல் தடவை வந்தபோது கோதிக் பகுதியில் ஒரு வீடு பிடித்தோம். "இரண்டாவது மாடி" என்று எழுதியிருந்தது. போய்ப் பார்த்தால், தரைத்தளத்துக்கு மேல் 'என்த்ரெசோல்', அதற்கு மேல் 'பிரின்சிபால்', அதற்கு மேல்தான் ஒன்று, பிறகு இரண்டு. பழைய கட்டடங்களில் இப்படி இரண்டு தளங்கள் கணக்கில் வராமல் ஒளிந்திருக்கும். அதாவது நம் கணக்கில் நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை. சுழன்று ஏறும் படியின் ஓரம் தேய்ந்து சாய்ந்திருந்தது. அத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்து நின்றார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னார், ஆனால் மறுநாள் வெளியே கிளம்பவில்லை. மூன்றாம் நாள் வேறு இடம் மாறினோம்.

அதனால் மாடி எண்ணை நம்பாதீர்கள். லிஃப்ட் இருக்கிறதா, அது தரைத்தளத்திலிருந்தே தொடங்குகிறதா, வாசலுக்கும் லிஃப்டுக்கும் நடுவே படி இருக்கிறதா என்று மூன்று கேள்வியாக எழுதிக் கேளுங்கள். எஷாம்ப்ளாவில் பல கட்டடங்களில் அரை மாடி ஏறினால்தான் லிஃப்ட் கதவே வரும்.

மெட்ரோவிலும் ஒரு எச்சரிக்கை. பசேச் தெ கிராசியா நிலையத்தில் எல்3-இலிருந்து எல்4-க்கு மாற நீளமான சுரங்க நடை இருக்கிறது. பெரியவர்களோடு வந்தால் மாறாமல் போகும் பேருந்தே நல்லது. கௌடியின் பூங்காவான பார்க் குவெல் போகும் வழியெல்லாம் ஏற்றம். அங்கே மட்டும் டாக்ஸி எடுத்துவிடுங்கள்.

நாங்க சுத்த சைவம். அதுக்கு ஏத்த ஏரியா இருக்கா?

சமையலறை இருக்கும் இடமாக எடுங்கள், ராவலுக்குப் பதினைந்து நிமிட நடைக்குள் இருங்கள். ராவலில் தங்கச் சொல்லவில்லை. மேல் ராவலைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். சான்ட் அந்தோனி, பல்கலைக்கழகச் சதுக்கம், போப்ளசெக்கின் கீழ்ப் பகுதி எல்லாம் அந்தத் தூரத்தில் வரும். ராவல் கடைகளில் பருப்பு, பாசுமதி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, வெண்டைக்காய் எல்லாம் கிடைக்கும். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். இந்தச் சின்னக் கடைகள் திறந்திருக்கும். குக்கர் கொண்டு வருவதாக இருந்தால் அடி தட்டையாக இருக்கட்டும். இங்கே வீடுகளில் பெரும்பாலும் கண்ணாடித் தட்டு மின் அடுப்புதான்.

வெளியே சாப்பிடும்போது "சின் கார்னே", அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சாலட்டில் சூரை மீன் வரும். மீனும் வேண்டாம், பன்றித் தொடையான ஹமோனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்". சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த 'எஸ்கலிவாதா', தக்காளி தேய்த்த ரொட்டி, காரச் சட்னி ஊற்றிய உருளைக்கிழங்கு 'பிராவாஸ்', இவை எங்கும் கிடைக்கும். எஸ்கலிவாதாவின் மேல் சில கடைகளில் நெத்திலி வைப்பார்கள், கேட்டுவிடுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு 'தொர்த்தியா' இருக்கிறது.

"இன்டீரியர் ரூம்"னு போட்டு ரேட் குறைச்சிருக்கான். ஏதாவது வில்லங்கமா?

வில்லங்கம் இல்லை. ஜன்னல் தெருவைப் பார்க்காமல் கட்டடத்தின் உள் முற்றத்தைப் பார்க்கும். அதில் இரண்டு வகை உண்டு. செர்தா போட்ட கட்டத்தின் நடுவில் இருக்கும் பெரிய திறந்தவெளியைப் பார்த்தால் அதிர்ஷ்டம். வெளிச்சமும் உண்டு, அமைதியும் உண்டு. கட்டடத்துக்குள் கிணறுபோல் இறங்கும் குறுகிய காற்றுவழியைப் பார்த்தால், எதிரே கொடியில் காயும் துணியும், ராத்திரி ஒன்பதரைக்கு யாரோ பூண்டு வதக்கும் வாசனையும்தான் தெரியும். நன்றாகத் தூங்க நினைப்பவர்களுக்கு அதுகூட நல்லதே. இருட்டில் மனசு சோர்ந்துபோகிறவர்கள் தெருப்பக்க அறையை, 'எக்ஸ்டீரியர்' என்பதை எடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் எந்த அறையானாலும் ஏசி கட்டாயம். கடலோர ஊர் என்பதால் சென்னைபோல் புழுக்கம் இருக்கும்.

"ஹோஸ்டல்"ல தங்க எங்களுக்கு வயசாயிடுச்சே?

எழுத்தைப் பாருங்கள். ஸ்பானிய மொழியில் 'ஒஸ்தால்' என்பது குடும்பத்தினர் நடத்தும் சின்ன விடுதி. தனி அறை, பெரும்பாலும் தனிக் குளியலறை. பங்க் படுக்கை போட்ட இளைஞர் விடுதி வேறு. எஷாம்ப்ளாவில் பழைய கட்டடத்தின் ஒரு தளம் முழுக்க ஒஸ்தாலாக இருக்கும். சுத்தமாகவும் விலை நியாயமாகவும் இருப்பவை நிறைய உண்டு. லிஃப்ட் கேள்விகளை மட்டும் மறக்காமல் கேளுங்கள்.

வீடு வாடகைக்கு எடுத்தா சட்டப்படி ஏதாவது சிக்கல் வருமா?

உரிமம் உள்ள வீடு என்றால் வராது. பார்சிலோனாவில் பயணிகளுக்கு விடும் வீட்டுக்கு எச்.யூ.டி.பி. என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். விளம்பரத்திலேயே அது இருக்கும். எண் இல்லாவிட்டால், கேட்டும் தராவிட்டால், விட்டுவிடுங்கள். ஊரில் இருக்கும் 10,101 உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று மேயர் ஜௌமே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்திருக்கிறார். அதற்குப் பிறகு வருபவர்கள் சமையலறை உள்ள அறை வேண்டும் என்றால் 'அப்பார்ட்ஹோட்டல்' தேடுவதே வழி.

தங்கும் வரி தனி. ஹோட்டலோ வீடோ, ஒவ்வொரு பெரியவருக்கும் ஒவ்வொரு இரவுக்கும் கட்ட வேண்டும். ஏழு இரவுக்கு மேல் கிடையாது. பதினாறு வயது வரை உள்ளவர்களுக்கு இல்லை. பல தளங்களில் முதலில் காட்டும் விலையில் அது சேராது. இரண்டு இடங்களை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஓஸ்பிதாலெட்ல பாதி ரேட்டுக்கு நல்ல ஹோட்டல் இருக்கு. ஊருக்கு வெளியே போகலாமா?

ஓஸ்பிதாலெட் தெ யோப்ரெகாத் தனி நகராட்சிதான், ஆனால் பார்சிலோனாவோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. எல்லை எங்கே என்று நடக்கும்போது தெரியாது. எல்1, எல்5 மெட்ரோ நிலையத்துக்கு ஐந்து நிமிட நடை என்றால் தாராளமாக எடுங்கள். சில ஹோட்டல்கள் கண்காட்சி மைதானத்துக்காகக் கட்டப்பட்டவை. ராத்திரி அங்கே சாப்பிடக் கடைகூட இருக்காது, கண்காட்சி இல்லாத நாளில் தெரு வெறிச்சோடும். அதை மட்டும் பாருங்கள்.

இரண்டு இரவு மட்டும் இருப்பவர்கள் வெளியே போக வேண்டாம். மிச்சமாகும் பணத்தைவிடப் போக்குவரத்தில் போகும் நேரம் பெரிது. ஐந்து இரவுக்கு மேல் என்றால் லாபம்தான். மெட்ரோ ராத்திரி பன்னிரண்டு வரை, வெள்ளிக்கிழமை இரண்டு வரை, சனிக்கிழமை விடிய விடிய ஓடும். டிக்கெட்டில், பத்துப் பயணம் உள்ள 'தி-கஸுவால்' ஒருவருக்கு மட்டும். குடும்பமாகப் பங்கிட்டு அடிக்க 'தி-ஃபமிலியார்' வாங்க வேண்டும்.

ஃப்ளைட் ராத்திரி பதினொன்றரைக்கு இறங்குது. அதுக்கு ஏத்த மாதிரி ஏரியா பார்க்கணுமா?

பார்த்தால் நல்லது. விமான நிலையப் பேருந்து பிளாசா எஸ்பான்யா, உர்ஜெல், பல்கலைக்கழகச் சதுக்கம், கடைசியாகப் பிளாசா கத்தலூன்யா என்று நிற்கும். மொத்தம் சுமார் முப்பத்தைந்து நிமிடம். அந்த நாலு நிறுத்தங்களில் ஒன்றிலிருந்து நடக்கும் தூரத்தில் அறை இருந்தால் நள்ளிரவில் கவலையே இல்லை. சான்ட் அந்தோனி இதிலும் ஜெயிக்கிறது. கோதிக் பகுதி என்றால் முன்பு சொன்ன டாக்ஸிச் சிக்கலை நினைவில் வையுங்கள். வீடு எடுத்திருந்தால் சாவியை அந்த நேரத்தில் யார் தருவார்கள், கூடுதல் பணம் கேட்பார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு நாள் மொன்செராத், மறுநாள் காலைல மாட்ரிட் ரயில். எங்க தங்கினா அலைச்சல் குறையும்?

மலை மேல் மடாலயம் இருக்கும் மொன்செராத்துக்கு ரயில் பிளாசா எஸ்பான்யாவிலிருந்து கிளம்பும். மாட்ரிட் அதிவேக ரயில் சான்ட்ஸ் நிலையத்திலிருந்து. இரண்டுக்கும் நடுவில் ஓஸ்தாஃப்ராங்ஸ் என்று ஒரு சின்னப் பேட்டை இருக்கிறது. இரு பக்கமும் நடந்தே போகலாம். சான்ட்ஸ் நிலையத்தைச் சுற்றி அழகு எதுவும் இல்லை, ஆனால் பத்து நிமிடம் தள்ளி சான்ட்ஸ் கடைத்தெரு உயிரோட்டமாக இருக்கும், விலையும் ஊர்க்காரர்களுக்கான விலை.

விசாவுக்கு இப்பவே புக்கிங் காட்டணும். ஏரியா இன்னும் முடிவு பண்ணலையே?

ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாக, உண்மையாகவே தங்கத் தயாராக இருக்கும் ஓரிடத்தில், முழு நாட்களுக்கும் பதிவு செய்யுங்கள். போலிப் பதிவு வேண்டவே வேண்டாம். விசா வந்த பிறகு இடம் மாற்றினால் புதிய பதிவின் அச்சுப்படியைக் கையில் வைத்திருங்கள்; எல்லையில் கேட்கலாம். எங்களைப்போல் இங்கே குடியிருப்பவர் வீட்டில் தங்குவதாக இருந்தால், நாங்கள் காவல் நிலையத்தில் விண்ணப்பித்து வாங்கும் அழைப்புக் கடிதம் தேவை. அதற்கு நாள் பிடிக்கும், கடைசி வாரத்தில் கேட்காதீர்கள்.

எந்தத் தேதில வந்தா எந்த ஏரியாவைத் தவிர்க்கணும்?

ஆகஸ்ட் 15-இலிருந்து ஒரு வாரம் கிராசியாவில் திருவிழா. தெருவுக்குத் தெரு போட்டி போட்டு, பழைய பாட்டில், அட்டை, காகிதம் கொண்டு அலங்காரம் செய்வார்கள். பார்க்காமல் விடாதீர்கள், ஆனால் அந்த வாரம் அங்கே தூங்க முடியாது. ஜூன் 23 ராத்திரி சான்ட் ஜுவான். ஊர் முழுக்க வெடி, கடற்கரையில் விடிய விடியக் கூட்டம். நம் தீபாவளியை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று போப்ளநோவும் பார்சலோனெட்டாவும் அமைதி தேடுபவர்களுக்கு ஆகாது. செப்டம்பர் 24-ஐ ஒட்டி லா மெர்சே விழா, பழைய ஊரில் நெரிசல். பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் செல்போன் கண்காட்சி நடக்கும் வாரம் ஊர் முழுக்க ஹோட்டல் விலை ஏறிவிடும். தேதியை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

டூரிஸ்ட் வராதீங்கன்னு தண்ணித் துப்பாக்கியால அடிச்சாங்களாமே. நாங்க வர்றதே தப்பா?

2024 ஜூலையில் நடந்த ஊர்வலத்தில் அப்படிச் சிலர் செய்தார்கள். கோபம் உங்கள் மேல் இல்லை. என் கீழ்வீட்டு அம்மா நாற்பது வருடம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார். கட்டடம் கைமாறியது, பயணிகளுக்கு விட்டால் வருமானம் அதிகம் என்று அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது மகளோடு ஊருக்கு வெளியே இருக்கிறார். சந்தைக்கு மட்டும் சனிக்கிழமை பேருந்து பிடித்து இங்கேயே வருகிறார்.

வாருங்கள். ஹோட்டலிலோ ஒஸ்தாலிலோ தங்குங்கள். வீடுதான் தேவை என்றால் உரிமம் உள்ளதை எடுங்கள். ராத்திரி பெட்டியின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள், பால்கனியில் பதினொரு மணிக்கு மேல் சத்தமாகப் பேசாதீர்கள். கடையில் நுழையும்போது "போன் தியா" சொல்லுங்கள். கத்தலானில் காலை வணக்கம். முகம் மலர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

ரெண்டு இடம் பிடிச்சிருக்கு அக்கா. எப்படி முடிவு பண்றது?

விலாசத்தை வரைபடத்தில் போட்டுத் தெருக்காட்சியைத் திறந்து வாசலில் நில்லுங்கள். தரைத்தளத்தில் என்ன கடை இருக்கிறது? மது விடுதி என்றால் ராத்திரி தெரிந்துவிட்டது. மருந்துக்கடை, ரொட்டிக்கடை என்றால் நல்லது. அப்படியே மெட்ரோ வரைக்கும் திரையிலேயே நடந்து பாருங்கள், ஏற்றம் இருந்தால் தெரியும். பிறகு தங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் 'ருய்தோ' என்ற சொல்லைத் தேடுங்கள். சத்தம் என்று பொருள். ஸ்பானியர்களே சத்தம் என்று எழுதியிருந்தால் நமக்குத் தூக்கம் வராது. லிஃப்ட் பற்றிய மூன்று கேள்விகளை இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள். யார் நேராகப் பதில் சொல்கிறார்களோ அவர்களிடம் எடுங்கள்.

இங்கே ஊர்க்காரர்கள் வழி சொல்லும்போது இடம் வலம் சொல்வது குறைவு. "கடல் பக்கம்", "மலைப் பக்கம்" என்பார்கள். முதல் நாள் காலையில் அறையிலிருந்து வெளியே வந்ததும் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். சரியும் பக்கம் கடல்.